அரசு வக்கீலம்மாவிடம் நான் சொன்ன தேதி

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். வெளி ஆளிடம் பேச வாய் வராது. ரேஷன் கடையில்கூட பக்கத்து வீட்டுக்காரியை விட்டுத்தான் கேட்பேன். அப்படிப்பட்ட நான் கோர்ட்டில் அரசு வக்கீலம்மாவிடம் போய்ப் பேசினேன். மகன் ஜெயிலுக்குப் போய்விடுவானோ என்ற பயம் பேச வைத்தது.

மகன் வேன் டிரைவர். பொன்னேரிப் பக்கத்துப் பெண்களைக் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஷிப்டுக்கு ஏற்றிப் போவான். ரெண்டு மாசம் முன்னால், லேட் ஆகிறதென்று சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டான். குறுக்கே வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் யாருக்கும் அடியில்லை. கேஸ் ஆகிவிட்டது.

ஸ்டேஷனில், "முன்னாடி கேஸ் எதுனா உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "போன் பேசிக்கினு ஓட்னதுக்கு ஒண்ணு இருக்குது சார், போன வருஷம் ஃபைன் கட்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். உண்மையைச் சொன்னால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

கோர்ட்டு வராந்தாவில்தான் விஷயம் தெரிந்தது. துணைக்கு வந்த இன்னொரு வேன் டிரைவர் மகனிடம் சொன்னான்:

"மாமே, போனும் சிக்னலும் ரெண்டும் ஒரே செக்ஷனாம். மூணு வருஷத்துக்குள்ள ரெண்டாவது தபா மாட்னா தண்டனை ஏறுமாம். உள்ளயும் தள்ளலாமாம்."

"ஏய், அம்மா கீது. வாய மூடு."

"அம்மாவுக்குத் தெரியாம ஜெயிலுக்குப் போவ முடியுமாடா?"

அதைக் கேட்டதும் என் மனசு ஒரு கணக்கைப் போட்டது. எங்கள் வேன்காரர்கள் யாரும் கேஸ் விழுந்த கையோடு போய்க் கட்டுவதில்லை. வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும்போதுதான் பழையதையெல்லாம் தீர்ப்பார்கள். இவன் கட்டியது போன வருஷம். போன் பேசிப் பிடிபட்டது அதற்கும் ரொம்ப முன்னால்.

அந்த நாள் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். போன் பண்ணியதே நான். கண் ஆபரேஷன் ஆகிக் கட்டை அவிழ்த்த சந்தோஷத்தில், "காலண்டர்ல இருக்கிற நம்பரெல்லாம் தெரியுதுடா" என்று கூப்பிட்டேன். பேசிக்கொண்டே ஓட்டினவனைப் போலீஸ்காரர்கள் ஓரங்கட்டிவிட்டார்கள்.

வக்கீலம்மா மேசையில் கட்டுக்கட்டாகக் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாம்மா வேணும்?"

கட்டு அவிழ்த்த தேதி போட்ட கண் ஆஸ்பத்திரிச் சீட்டு எப்போதும் என் பையிலேயே இருக்கும்; அதை நீட்டினேன். "அவன் போன் பேசுனது இந்தத் தேதிங்கம்மா. கட்டுனதுதான் போன வருஷம்."

"கண் சீட்டு எனக்கு எதுக்கும்மா?" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "கட்டுன தேதியையா சொல்லிட்டு வந்தான் உன் புள்ள? எங்களுக்குத் தப்பு செஞ்ச தேதிதான் கணக்கு."

அங்கே நின்ற போலீஸ் ஏட்டை அனுப்பிப் பழைய கேஸ் காகிதத்தை எடுத்துவரச் சொன்னார். அது வந்ததும் விரலை விட்டு எண்ணினார்.

"அதுக்கும் இதுக்கும் நடுவுல மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு. ரெண்டாவது தபான்னு தண்டனையை ஏத்தி நான் கேக்க முடியாது."

உள்ளே கூப்பிட்டபோது ஜட்ஜய்யாவிடமும் அதையே எடுத்துச் சொன்னார். அதோடு விடவில்லை. "இருந்தாலும் வண்டி நிறைய பெண்களை வெச்சுக்கிட்டு சிக்னலைத் தாண்டியிருக்கார். எச்சரிக்கணும்" என்றார். அது நியாயம்தான். மகன் தலை குனிந்து குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம் மட்டும் போட்டு, நன்றாக ஏசி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயாம்மா போய்ப் பேசின?"

"பின்ன, உன் கூட்டாளியா பேசினான்?" என்றேன்.

கூட வந்தவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.