பட்ஜெட்டுக்கு முந்திய கண்டனம்

வெளியூர் நிருபராகக் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்தி நடக்கட்டும் என்று காத்திருந்தால் ரயில் போய்விடும். ஐம்பதுகளில் நான் இராமநாதபுரத்திலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே கண்டனம்

சென்னையில் பட்ஜெட் வாசிப்பது பகலில். எங்கள் ஊர் எதிர்க்கட்சியின் கருத்து மறுநாள் பேப்பரில் வர வேண்டுமென்றால், செய்திக் கவர் அன்று காலை ரயிலிலேயே ஏறியாக வேண்டும். முந்தின வருஷம் நான் பட்ஜெட் வரட்டும் என்று யோக்கியமாகக் காத்திருந்து கோட்டை விட்டேன். இந்த வருஷமும் தவறினால் வேறு ஆள் போடுவதாக ஆசிரியர் கார்டு எழுதியிருந்தார்.

வேலை போனால் போகட்டும் என்றிருக்கவும் வழியில்லை. கமுதியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பத்திரிகைக்காரர் என்ற ஒன்றைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதையும் அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. எனவே விடிந்ததும் எதிர்க்கட்சியின் மாவட்டத் தலைவர் வக்கீல் முத்துராக்கு வீட்டுக்கு ஓடினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "பட்ஜெட் என்னமும் வரட்டும் தம்பி, கண்டனம் ரெடியா இருக்கு, எழுதிக்க!"

கோடிட்ட இடம்

எழுதினேன். எந்த வரியைக் கண்டிப்பது என்பதில்தான் இடித்தது. மிளகாய்க்கு என்றார், பருத்திக்கு என்றார், கருவாட்டையும் விடுவானேன் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில், "இந்த பட்ஜெட்டில் ................ ஏழை மக்கள் சார்பில் வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று முடித்து, 'கோடிட்ட இடத்தைப் பட்ஜெட் பார்த்து நிரப்பிக்கொள்ளவும்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். வக்கீல் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார்.

அந்த வருஷம் பார்த்துப் புது வரி ஒன்றுகூடப் போடவில்லை. மறுநாள் பேப்பரில் எங்கள் தலைவர் இப்படி முழங்கியிருந்தார்: "இந்த பட்ஜெட்டில் புதிய வரி எதுவும் விதிக்கப்படாததை ஏழை மக்கள் சார்பில் வன்மையாகக் கண்டிக்கிறேன்."

தபாலாபீசிலிருந்து மதுரைக்குப் போன் போட்டுக் கத்தினேன். உதவி ஆசிரியர் நிதானமாகக் கேட்டார்: "பட்ஜெட் பார்த்து நிரப்புன்னீர், நிரப்பினேன், தப்பு என்மேலயா, பட்ஜெட் மேலயா?"

கமுதிக் கூட்டம்

அன்று சாயங்காலமே கமுதியில் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்த பட்ஜெட் கண்டனக் கூட்டம். "அங்கன எவனாச்சும் சிரிச்சான்னா, ஒங்க ஆசிரியருக்கு எழுதி ஒன்னையத் தூக்கிருவேன்" என்று சொல்லி என்னையும் பஸ்ஸில் கூட்டிப் போனார் வக்கீல். என் வருங்கால மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் மைக்கைப் பிடித்ததும் மிளகாய் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் எழுந்தார். "ஏன் வக்கீலய்யா, வரி போடலேன்னு வருத்தப்பட்டீகளாமே, எங்க மொளகாய்க்கு ஒண்ணு கேட்டு வாங்கித் தரப் போறீகளா?" கூட்டம் ஓவென்று சிரித்தது. மாமனாரும் சிரித்தார். என் கல்யாணம் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

வக்கீல் சோடாவை வாங்கிப் பாதி குடித்தார். "ஆமய்யா, வருத்தந்தான்! வரி போடணும்னா ஒரு அதிகாரியாச்சும் இங்கன வந்து எட்டிப் பாத்திருக்கணும்ல? ரோடு போட நம்ம நெனப்பு இல்ல. குடிதண்ணி குடுக்க நெனப்பு இல்ல. வரி போடக்கூட நெனப்பு வரலையே அவுகளுக்கு!"

முதலில் கை தட்டியவர் அந்தச் சம்சாரிதான். கடலாடிப் பக்கம் குடத்தோடு மைல் கணக்கில் நடக்கும் பெண்களை நான் அடிக்கடி பார்ப்பவன்; நானும் தட்டினேன். மாமனார் எழுந்து நின்றே தட்டினார்.

மேடையை விட்டு இறங்கிய வக்கீல் என் தோளில் கை போட்டார். "தம்பி, அடுத்த வருஷமும் அந்தக் கோட்டை அப்படியே விட்டுரு, நம்மளவிட அந்த மதுரைக்காரன் நல்லாக் கண்டிக்கிறான்."

அடுத்த மாதம் என் கல்யாணத்துக்கு அவர்தான் தலைமை. வாழ்த்துரையை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார், மணப்பெண் பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டு.