என் படத்தைக் காட்டி விற்கும் இனிப்புநீர்ப் பவுடர்

இன்று காலை உலு யாம் சந்தையில், என் ஆராய்ச்சிப் படத்தை லேமினேட் செய்து தொங்கவிட்டு ஒருவன் இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, பவுடர் விற்கிறான். போன வாரம் நான் இந்தப் பக்கத்தில் பதிவு போட்ட அதே படம்!

ஒரு மூலிகையின் மூலக்கூறில் சர்க்கரைத் துண்டு எது என்று என் புரோகிராம் கண்டுபிடித்து, திரையில் அழித்துக் காட்டும். அவ்வளவுதான்.

"அண்ணே, அது படத்துல இருக்கற சர்க்கரையத்தான் அழிக்கும். ரத்தத்துல இல்ல," என்றேன்.

"கம்ப்யூட்டரே சர்க்கரைய எடுத்திருச்சு, ஒனக்கு என்னா லா?" என்கிறான், திருட்டுப் பயல்.

கொதிப்போடு வீட்டுக்கு வந்தால், மேசையில் அதே பவுடர் இரண்டு போத்தல்.

"நீ செஞ்ச படம் தொங்குச்சே, அதான் நம்பி வாங்கினேன். கிளினிக்குல குடுத்த இனிப்புநீர் மாத்திரைய நிறுத்திட்டேன்," என்கிறார் அம்மா.

மூலக்கூறில் சர்க்கரையை ஒரு நொடியில் அழித்துவிட்டேன். அம்மா கையிலிருந்து அந்தப் போத்தலைப் பிடுங்க யாரிடமாவது புரோகிராம் இருக்கிறதா?