ஹெல்மெட் கேமரா

நானும் என் பள்ளித் தோழன் செந்திலும் தாம்பரத்திலிருந்து ரயிலில் பைக்குகளை அனுப்பிவிட்டு, ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓட்டப் போனோம். என் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. யூடியூபில் போட நல்ல வீடியோ கிடைக்க வேண்டும், அதுதான் என் கவலை.

மணல் மேட்டில் எனக்கு முன்னால் ஏறிய செந்தில் சரிந்து விழுந்தான். பைக் அவன் கால்மேல் கிடந்தது. சூடான சைலன்சர் காலைச் சுட்டுப் பொசுக்கிவிட்டது. உடனே ஓடிப்போய்த் தூக்கினேன் என்றுதான் ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொன்னேன். அவன் மனைவி மீனா, "நீங்க இருந்ததாலதாண்ணா தப்பிச்சாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீடியோ முழுவதையும் செந்தில் கேட்டான். வெட்டாமல் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்தில், அவன் வீட்டு டிவியில் இருவரும் பார்த்தோம்.

"மச்சான், கால் எரியுதுடா! தூக்குடா!" என்று திரையில் கத்தினான். கேமரா அவனை நெருங்கவில்லை. முகத்தில் வெயில் விழும் பக்கமாக நிதானமாகச் சுற்றி வந்தது. "இருடா, ஷாட் செமையா வருது" என்றது என் குரல்.

அப்படிச் சொன்னதையே நான் மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை போலும்.

மீனா காபியோடு வந்தாள். செந்தில் என்னைப் பார்க்காமலேயே டிவியை அணைத்தான்.

"என்னாச்சு, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"பென் டிரைவ் ஓடல" என்றான், லுங்கியை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டு.

மீனா இன்னமும் என்னைக் கண்டால் கும்பிடுகிறாள். நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன்.