மஞ்சு இறங்கினால் சண்டை போடலாம்

எங்கள் வீட்டில் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். வெளியூரில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்த வீட்டில் வளர்ந்து பார்த்தால் தெரியும்.

கொடைக்கானலின் வடக்குச் சரிவில், ஓரத்திலும் ஓரமாக இருக்கிறது எங்கள் வீடு. வானம் தெளிந்திருக்கும் நாளில் கொல்லையில் நின்றால் கீழே சமவெளியில் பழனி மலை சுண்டைக்காய் அளவுக்குத் தெரியும். போன வருஷம் காலமான என் அப்பத்தா பழனி அடிவாரத்தில் பூ விற்கிற குடும்பத்தில் பிறந்து, அப்பாவின் அப்பாவைக் கட்டிக்கொண்டு மேலே வந்தவள். வந்த புதிதில் கொல்லையில் நின்று பார்த்தாளாம். இங்கிருந்து கோயில் தெரிகிறதென்றால் கோயிலில் இருக்கிறவருக்கு இந்த வீடு தெரியாமலா இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டாள். பிடித்தது எங்களுக்குச் சனியன்.

முருகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கத்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கறி சமைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மஞ்சு இறங்க வேண்டும். மூடுபனியைத்தான் மஞ்சு என்போம். அது வந்து பழனியை மறைத்துவிட்டால், அப்பத்தா கணக்கில், முருகன் வீட்டுச் சன்னலைச் சாத்தியாயிற்று. அப்புறம் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஒருமுறை சித்தப்பா கேட்டார். "ஏம்மா, எல்லாந் தெரிஞ்ச சாமிக்கு மஞ்சு ஒரு மறைப்பா?"

"தெரியும்டா அவருக்கு. ஆனா கண்ணால பாத்துட்டா தட்டிக் கேட்டாகணும்ல? நாமளா எதுக்கு அவருக்குச் சங்கடத்தக் குடுக்கணும்?"

இதற்கு மேல் எந்தப் பண்டிதர் வந்து என்ன சொல்லிவிட முடியும்?

வீட்டுப் பேத்தியான எனக்கு இதில் லாபம் இருந்தது. கணக்கில் நான் வாங்கிய மார்க் அப்பாவின் கையெழுத்துக்குப் போகும் தரத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் ரேங்க் கார்டைப் பையிலேயே வைத்திருந்து, பளிச்சென்று வெயிலடிக்கிற நாளாகப் பார்த்து நீட்டுவேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஒருநாள் அவர் பேனாவைத் திறந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மஞ்சு குபுகுபுவென ஏறி வந்துவிட்டது. அப்பா சன்னலைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைத் தெருவே இன்றும் சொல்லிச் சிரிக்கிறது.

பெரியவர்கள் பாடுதான் பாவம். அப்பாவுக்குப் பூண்டு வியாபாரம், சித்தப்பாவுக்கு ஜீப். மூட்டை இறக்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டார் என்று அப்பாவுக்குக் கோபம் வரும். வெயில் காலத்தில் நாள்கணக்காக மஞ்சு வராது. இரண்டு பேரும் உர்ரென்று உட்கார்ந்து ஒரே தட்டுப் பணியாரத்தைத் தின்பார்கள். தனித்தனியாகச் சாப்பிட அப்பத்தா விடமாட்டாள். கடைசியில் ஒருவழியாக மஞ்சு இறங்கி, இருவரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

"எதுக்குண்ணே கோவமா இருந்தோம்?"

"தெரியலடா. நீ எதுவும் பண்ணியா?"

இப்படித்தான் எங்கள் வீடு ஒரே வீடாக இருந்தது.

படிப்பு முடித்து, உள்ளூரிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் ஒருவனை விரும்பினேன். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பையன். அப்பாவிடம் சொன்னபோது அவர் பூண்டு மூட்டையை இறுக்கிக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லத்தா. ஒங்க அப்பத்தா சரின்னா சரி. வேணாம்னாங்கன்னா அதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் நான் பிறந்த அன்றைக்கே என் கல்யாணத்தைப் பழனியில் வைப்பதாக வேண்டிக்கொண்டவள் அப்பத்தா. மாப்பிள்ளை யார் என்பதை மட்டும்தான் மிச்சம் வைத்திருந்தாள். அவளை அழவிட்டுவிட்டு நான் போகவும் முடியாது, அவனை விட்டுவிட்டு இருக்கவும் முடியாது. எதுவானாலும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

புத்திசாலித்தனமாக மேகமே இல்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுத்தேன். பழனிக் கோபுரம் வரைக்கும் தெரிந்தது. திட்ட முடியாதல்லவா? கொல்லையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவளிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பழனியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மஞ்சு வரட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பாழாய்ப்போன மஞ்சு வரவே இல்லை. சித்தப்பா தினமும் போனில் வானிலை பார்த்து, "இன்னைக்கும் வெயிலுதான், தப்பிச்ச போ" என்பார். அவன் பஜாரிலிருந்து போன் செய்து, "அங்க மேகம் எப்படி இருக்கு?" என்பான். ஒரே ஊர்தானே, தலையை வெளியே நீட்டிப் பார்க்க வேண்டியதுதானே? அப்பத்தா மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி என் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். வெட்டுகிற ஆட்டுக்கு இப்படித்தான் தழை போடுவார்கள் என்றார் சித்தப்பா.

கடைசியில் ஒரு மத்தியானம் அது வந்தது. கொல்லை மறைந்தது, பேரிக்காய் மரம் மறைந்தது. அப்பத்தா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அடுப்படியில் தண்ணீர் தாகம் எடுத்தது.

"ஒங்களுக்கெல்லாம் வேற சோலி கெடையாதா? போங்க அங்கிட்டு" என்று துரத்தினாள் அப்பத்தா. சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பழனி தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் கையைப் பிடித்து அடுப்புக்குப் பின்னால் இழுத்தாள்.

"பையன் நல்லவனா?"

"ஆமா அப்பத்தா."

"கோவக்காரனா?"

"இல்ல. நாந்தான்."

"அதான் ஊருக்கே தெரியுமே." சன்னலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஒன் கல்யாணத்த அவரு சன்னதியில வைக்கிறதா வாக்குக் குடுத்துருக்கேன்."

போச்சு என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"அத இப்ப மாத்தப் போறேன். அவரு பாத்துக்கிட்டு இருக்கையில எப்படிப் பேச? அதான் மஞ்சு வரட்டும்னேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அவருக்கு லச்சம் புள்ளைக இருக்கு. எனக்குப் பேத்தின்னு நீ ஒருத்திதான். ஒம் மூஞ்சி வாடிக் கெடந்தா அவரா வந்து பாக்கப் போறாரு? நாந்தான தெனமும் பாக்கணும்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் பதறி என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா அழு கழுத. மஞ்சு கண்ணத்தான் மறைக்கும், காத அடைக்குமா?"

மறுநாள் நான் வெள்ளனே எழுந்தபோது வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. கொல்லையில் அப்பத்தா பழனியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு பாவமும் அறியாத பாவனை. பெரியவனுக்கு முட்டு வலி சரியாகணும், சின்னவன் வண்டியை மெதுவா ஓட்டணும், மருமகளுக்குத் தலைவலி வரக் கூடாது, பேத்தி நல்லா இருக்கணும் என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்துக் கையை இறக்கினாள். ஏதோ யோசித்தாள். மறுபடி கையெடுத்தாள்.

"அப்பறம் இன்னொரு பையன் இருக்கான்யா. யாரு என்னன்னெல்லாம் கேக்காத. அவனையும் பாத்துக்க."