இரண்டு மூடி வாசனை

என் அத்தானைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் நான் பேசுவேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து முப்பத்துநாலு வருஷமாக என் வாயையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிற மனுஷர் அவர். எனக்கு அவர் வைத்த பெயர் வக்கீல். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார், பாவம்.

அத்தான் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்ட்ரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, ஆள் உயரத்துக்கு மெஷின்கள், கொதிக்கிற தண்ணீர், கேன் கேனாக பிளீச். விரிப்பைப் பார்த்ததுமே கறை என்னவென்று சொல்லிவிடுவார். இது காபி, இது உதட்டுச்சாயம், இது என்னன்னு என்கிட்ட கேக்காதே என்பார்.

ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டுத் துவையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா மெஷின் பக்கம் போனால் போதும், "நீ ஏம்மா அங்க?" என்று வந்து நிற்பார். பால்கனியில் ஐந்து வரிசைக் கயிறு. எந்தக் கயிற்றில் என்ன துணி, எந்தத் துணிக்கு எத்தனை கிளிப் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. நான் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே, தனியாக இருக்கிறேன். என் துணிகளையும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. என் துவையல் எனக்குப் போதும், அது சோம்பேறித் துவையல்.

போன வருஷம் அக்காவுக்குச் சர்க்கரை ஏறிப்போனது. உடம்பை அசைக்க வேண்டும், ஆறு மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கென்று உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே நீலத்தில் மூன்று மூன்று டீ-ஷர்ட் வாங்கினோம். வியர்வையை உறிஞ்சி வெளிப்பக்கம் தள்ளிச் சீக்கிரம் காயவைக்கிற அந்த வழவழ துணி. தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது.

முதல் வாரம் அக்காவால் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. நானும் கோச்சும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். மூன்றாவது வாரம் தானே எழுந்தாள். எழுந்து நின்று, ஏதோ மலையேறி வந்தவளைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் அக்கா அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தில் லேபிள் உறுத்துகிறது என்று அக்கா ஒரு தடவைதான் சொன்னாள். உடனே சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று சட்டையிலும் ஒரு நூல் மிச்சமில்லாமல் லேபிளை வெட்டி எடுத்துவிட்டார்.

"துவைக்கிற முறை அதுலதானே போட்டிருக்கும்? படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"முப்பத்தொரு வருஷமா துணி பாத்தவனுக்கு அந்தத் துண்டுச்சீட்டுதான் பாடம் நடத்தப்போகுதாக்கும்" என்றார்.

கல்யாணமான புதிதில், உங்க சட்டையில ஒரு நல்ல வாசனை வருதுங்க என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அது துணி மெத்தென்று இருக்க ஹோட்டலில் கடைசி அலசலில் ஊற்றுகிற சாஃப்ட்னர், பூ வாசனை. அதை மறக்காமல், துவையல் தன் கைக்கு வந்த நாளிலிருந்து அக்காவின் துணிக்கு மட்டும் இரண்டு மூடி ஊற்றுவார். மற்ற துணிகளுக்கு அரை மூடி. நீலச் சட்டைகளுக்கும் அந்த இரண்டு மூடி விழுந்தது. கொதிக்கிற தண்ணீர், இரண்டு மூடி, அப்புறம் சூடான டிரையர். ஹோட்டல் விரிப்புக்குச் செய்த ராஜ உபசாரம் அத்தனையும் நடந்தது.

இரண்டாவது மாதம் நாற்றம் ஆரம்பித்தது. வகுப்புக்குள் நுழையும்போது அக்காவிடம் பூ வாசனைதான் வரும். பத்து நிமிஷம் கை காலை வீசி உடம்பு சூடானதும், வாளியில் மறந்துபோன ஈரத்துணியின் நாற்றம் அந்தப் பூ வாசனையோடு கலந்து கிளம்பும். எனக்குக் குமட்டியது. ஒரு நாள் என் பாயை இழுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டேன். "இங்க ஃபேன் காத்து நல்லா வருதுக்கா" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் உலகத்தோடெல்லாம் சண்டை போடுகிற எனக்கு, கூடப் பிறந்தவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

அடுத்த வாரம் அக்கா கடைசி வரிசைக்குப் போனாள். அதற்கடுத்த வாரம் வரவே இல்லை.

நான் போய் உலுக்கியபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் உடம்பு கெட்டுப்போச்சுடி. சர்க்கரை உள்ளுக்குள்ள அழுக வைக்குது போல. குளிச்சுட்டு வந்து நின்னாலும் நாறுது."

"அத்தான்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். மோந்து பாத்துட்டு, ஒண்ணுமே இல்லையேங்கறார். என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றார். அதைத்தான்டி என்னால தாங்க முடியல."

ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்க ஆரம்பித்தாள். கால் எரிகிறது, ஹாலில்தான் காற்று வருகிறது என்று சொல்லிப் படுக்கையைத் தூக்கி ஹாலில் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டே மாதம் இருந்தது.

அத்தான் என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "வக்கீல், உங்கக்காவுக்கு எம்மேல என்ன கோபம்? தலையணையைத் தூக்கிட்டுப் போற அளவுக்கு நான் என்ன பண்ணினேன்?" கேட்டபோது அவர் குரல் சரியில்லை. எனக்குத் தெரிந்தும் தெரியாதவளாக மேலே ஏறிப்போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு முடிந்து, போட்ட சட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா இரண்டாவது குளியலில் இருந்தாள். பால்கனியில், டிரையரிலிருந்து எடுத்த அவளுடைய நீலச் சட்டைகள் மூன்றும் வரிசையாகத் தொங்கின. அத்தான் அவற்றைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"போடாத சட்டையை ஏன் துவைச்சீங்க?"

"திடீர்னு போகணும்னு தோணினா தயாரா இருக்கணும்ல. இன்னைக்கு மூணு மூடி ஊத்தினேன். வாசனைக்காகவாவது எடுத்துப் போட்டுக்குவாளோன்னு."

ஒரு சட்டையை இழுத்து முகர்ந்தேன். துவைத்த சட்டை, யாரும் போடாத சட்டை, ஆனாலும் பூவுக்கு அடியில் அதே நாற்றம். எனக்குத் திக்கென்றது. அப்படியானால் இது அக்காவின் உடம்பு இல்லை.

"அத்தான், இதை மோந்து பாருங்க."

ஆழமாக இழுத்து முகர்ந்தார். "அருமையா இருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் சமையலறையில் பால் பொங்கித் தீய்ந்தது. பால்கனிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கதவுதான். கதவை ஒட்டி நின்றவர் அவர். எனக்குத் தொண்டை வரை கமறுகிறது, அவர் சட்டையை நீவிக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். போன மாதமும் இப்படித்தான் ஒரு பாத்திரம் கரியாகிப்போனது. வயசாகிப்போச்சு, கவனம் இல்லை என்று அவரைக் கேலி பண்ணியிருந்தோம்.

திரும்பி வந்து கேட்டேன். "அத்தான், உங்களுக்கு வாசனையே தெரியறதில்லையா?"

அவர் பால்கனிக் கதவைச் சாத்தினார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"நாலு வருஷமாச்சு. அந்த பிளீச்சை அத்தனை வருஷம் சுவாசிச்சதுல மூக்கு போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். இனிமே வராதாம். துவைக்கறவனுக்கு மூக்கு போச்சுன்னா வேலையில வச்சுப்பானா? அதனால மறைச்சேன். அப்புறம், இத்தனை நாள் மறைச்சதை எப்படிச் சொல்றதுன்னு மறைச்சேன். கெட்டுப்போன பால்ல டீ போட்டு உங்கக்காவுக்குக் கொடுத்திருக்கேன். அவளும் வாயைத் திறக்காம குடிச்சிருக்கா."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த நாற்றத்தை, மூன்று வேளைக் குளியலை, நான் பாயை நகர்த்தியதை, தலையணை ஹாலுக்குப் போன காரணத்தை. அவர் எழுந்து, "மேல போய் உன் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா, துவைச்சது" என்றார். அது லாண்ட்ரி மாஸ்டரின் குரல்.

இரண்டு சட்டையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விரலை நனைத்து என் சட்டையில் ஒரு சொட்டு விட்டார். அது படர்ந்து காணாமல் போனது. அக்கா சட்டையில் ஒரு சொட்டு விட்டார். அது உருண்டு திரண்டு அப்படியே நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சட்டையின் லேபிளைப் படித்தார். சூடான தண்ணீர் கூடாது, பிளீச் கூடாது, சாஃப்ட்னர் கூடாது, டிரையர் கூடாது. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கூடாது இருந்தது.

"நீ எப்படித் துவைக்கறே?"

"நான் எங்க துவைக்கறேன். வந்த உடனே பச்சைத் தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு அலசிப் போட்டுடுவேன். வெயில் பக்கம் நடக்கச் சோம்பல், அதனால நிழல்லயே காயும்."

"என் முப்பத்தொரு வருஷ சர்வீஸை உன் சோம்பேறித்தனம் ஜெயிச்சிருச்சு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "டவலுக்கு சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, மேல படிஞ்சுக்கும், தண்ணி குடிக்காதுன்னு புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லுவேன். எனக்குத் தெரியும் வக்கீல். தெரிஞ்சும் இவளுக்குன்னா கை தானா ரெண்டு மூடி ஊத்திடுது. அது வியர்வையை உள்ளயே பூட்டி வச்சிருக்கு."

"சரி விடுங்க. நைசா சட்டையைச் சரி பண்ணி வச்சிடுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

"சட்டை சரியானா போதுமா? தன் உடம்பு அழுகுதுன்னு நினைச்சுட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு சட்டையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

அக்கா ஈரத்தலையோடு வந்து, எங்களைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றாள். அந்த இரண்டடி இப்போது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அத்தான் இரண்டு சட்டையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ என் உடம்பு இல்லையா?" என்றாள் அக்கா.

"உன் உடம்பு இல்ல. நான்தான்."

"மோந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னீங்களே."

"எனக்கு எதுவுமே தெரியாதும்மா. நாலு வருஷமா."

அக்கா முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. மெதுவாகக் கேட்டாள். "என் வாசனையுமா?"

"அதுவுந்தான். அது எப்படி இருந்துச்சுன்னு தினமும் படுக்கும்போது நினைச்சுப் பாப்பேன், மறந்துடக் கூடாதுன்னு. நீ பக்கத்துல இருந்தா ஞாபகம் வரும். ஹாலுக்குப் போனப்புறம் சரியா வரமாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. போய்த் தலையணையை எடுத்து அத்தான் கையில் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பி, "ஃபேன் காத்து நல்லா வருதாம்" என்று சொல்லி என் கையில் வலிக்கும்படி ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்கு அது வேண்டியதுதான்.

அன்றைக்கே பிளீச் கேன் என் வீட்டுக்கு மாடியேறியது. வினிகரும் பிளீச்சும் ஒன்று சேர்ந்தால் விஷப்புகை, ஒரே அறையில்கூட இருக்கக் கூடாது என்றார் அத்தான். படிந்த சாஃப்ட்னரைக் கரைக்க ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர். சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி அரை மணி நேரம் ஊறவைத்தார். பிறகு கொஞ்சமே கொஞ்சம் சோப்பு, நிறைய அலசல், முறுக்காமல் பிழிந்து நிழலில் போட்டார். முதல் தடவை சொட்டு நின்றது. இரண்டாம் தடவை யோசித்து யோசித்து இறங்கியது. மூன்றாம் தடவை விட்ட உடனே படர்ந்து போனது. அதைப் பார்க்க என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார், குழந்தை பிறந்ததைச் சொல்கிறவர் மாதிரி.

மறுபடி வகுப்புக்கு வந்த அன்று அக்கா முதல் வரிசையில் என் பக்கத்தில் பாய் போட்டாள். ஒரு மணி நேரம் வியர்த்துக் கொட்டினாள். நான் வேண்டுமென்றே என் பாயை அவள் பாயோடு ஒட்டி இழுத்துப் போட்டேன். "தள்ளிப்போடி, கை இடிக்குது" என்று திட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் சட்டையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அக்கா கழற்றப் போகவில்லை. ஈரச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து, அவரையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன வாசனை வருதுன்னு சொல்லு" என்றார் அவர்.

அக்கா தலையைச் சாய்த்துத் தன் தோளை முகர்ந்தாள். பொறுமையாக, விட்டு விட்டுச் சொன்னாள். "வியர்வை. கொஞ்சம் சோப்பு. அப்புறம் நான்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "சரி, கழட்டிக் கொடும்மா. ஈரத்தோட இருக்கும்போதே அலசிடணும்" என்றார்.