பீடத் துணியில் ஐந்து விரல்

பல் தேய்த்துத் தேய்ந்துபோன பச்சை பிரஷ் ஒன்று எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லோரம் எப்போதும் கிடக்கும். அது அண்ணியுடையது. மூலக்குளத்துப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நெல்லித்தோப்புக்கு வந்தவர். மண் கறையைப் போக்குவதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஈர மண்ணைத் தொடவே மாட்டார். நிழலில் காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, மிச்சமிருக்கும் சிவப்பில் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவார்.

எங்கள் மாதா கோயிலில் பூசை மேசைமேல் விரிக்கும் வெள்ளைப் பீடத் துணியை வெளுத்துக் கொடுப்பது அம்மாவின் பொறுப்பு. வேறொருவர் கை அதில் படவிடமாட்டாள். மருமகளைச் சூளைக்காரி என்று மட்டம் தட்டிக்கொண்டே இருந்தவள், எழுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு, இடுப்பு வலி தாங்காமல் முதல்முறையாக அதை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி தலைக்குக் குளித்துவிட்டுத்தான் துணியைத் தொட்டார். கொடியில் அது பளீரென்று காய்வதை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. குடில் ஜோடிக்கச் சிவப்புக் களிமண் பிசைந்துகொண்டிருந்தவள், எழுந்தபோது கால் வழுக்கி, விழாமலிருக்க அந்தத் துணியையே பிடித்தேன். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்துவிட்டன. குசினியில் அடுப்பை விட்டு ஓடி வந்த அண்ணி பதறவில்லை. "காயட்டும் பாப்பா, ஈரத்துல கை வெக்காத. எலுமிச்சம்பழம் வாங்கியாந்துடுறேன்" என்று கடைக்குப் போனார். எனக்குப் பொறுமை ஏது? பூசைக்குப் போன அம்மா வந்துவிடுவாளே என்ற பயத்தில், கிணற்றில் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தேன். கறை போகவில்லை. துருப்பிடித்த மாதிரி மஞ்சளாகி நூலுக்குள் ஏறிக்கொண்டது.

"யாருடி இதத் தேய்ச்சது?" வந்ததும் வராததுமாக அம்மா கத்தினாள்.

"அண்ணிதான்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

எலுமிச்சம்பழத்தோடு அண்ணி உள்ளே நுழைந்தார். "சூளையில பொறந்தவகிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள் அம்மா. அண்ணி என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது; நெடி வேறு. "தெரியாம பண்ணிட்டேன் அத்தே" என்றார்.

அம்மா சாகும்வரை பீடத் துணி அண்ணி கைக்குத் திரும்பவில்லை. எங்கள் எல்லோருடைய அழுக்கையும் துவைத்தவர், அம்மா அதை அலசும்போது மட்டும் கிணற்றடிப் பக்கமே வரமாட்டார். நான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். மூன்று தடவை அருள்நிறைந்த மந்திரம் ஜெபித்ததோடு மன்னிப்புக் கிடைத்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன வருஷம் அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். வெட்கங்கெட்டவள் நான், அடக்கத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன்.

போன வாரம் பேரன் வெள்ளைச் சட்டை முழுக்கக் களிமண்ணோடு வந்தான். மருமகள் குழாயைத் திறக்கப் போனாள். "காயட்டும்மா, ஈரத்துல கை வெக்காத" என்றேன். காய்ந்த பிறகு பழைய பிரஷ் ஒன்றைத் தேடியெடுத்துத் தட்டினேன். மண் பொடியாக உதிர்ந்தது.

"யாரு அத்தே சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க அண்ணி" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "அந்தத் துணியத் தேய்ச்சது நாந்தாம்மா."

எந்தத் துணி என்று அவளுக்கு என்ன தெரியும்? பிரஷும் கையுமாக அழுதுகொண்டு நின்றவளை, "மொதல்ல உக்காருங்க அத்தே" என்று நாற்காலியில் உட்கார வைத்தாள்.