மேனுகா கையெழுத்திட்டால் இறங்கலாம்

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவான். நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற அந்த மணல் துண்டில், மேனுகாவுக்காக ஒரு கல்வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தாய் வசந்தாதேவியின் வீட்டு வளவுக்குள்ளேயே இடம். சுவர் முடிந்து, ஓடு போடுவதுதான் மிச்சம். வரப்போகிற மாப்பிள்ளை கோகுலராஜ், தாய்மாமன் மகன். படகு எஞ்சின் திருத்துவதில் கெட்டிக்காரன். மேனுகா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் படிச்சி மறுகா என்ன செய்யப் போறாய் புள்ள?" என்று அவளுடைய புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பான்.

"பள்ளிக்கூடத்தில படிப்பிப்பன்."

"அப்ப எனக்கும் சேர்த்துப் படிப்பி."

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் கடல் சுனாமியாக வந்தது. தந்தை சிவபாதம் மீன் விற்க நகரத்துக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்த மேனுகாவைத் தண்ணீர் வாவிப் பக்கம் அள்ளிக்கொண்டு போய் ஒரு பூவரச மரத்தில் சொருகியது. அவள் எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு தோணி வந்தது. அதில் கோகுலராஜ் இருந்தான். மரக்கிளையிலிருந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுத்தான். தாயை மட்டும் எங்கேயும் காணவில்லை. கட்டிய வீட்டில் ஒரு கல்கூட நிற்கவில்லை.

மூவரும் நகரத்துப் பாடசாலை ஒன்றில் அகதியாக இருந்தார்கள். ஒரு கிழமை கழிந்திருக்கும். படகு முதலாளி ஏறாவூர் மஜீட் கோகுலராஜைத் தேடி வந்தார். பலநாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் அவருடைய படகை அலை தூக்கி, முகத்துவாரம் தாண்டி, வாவிக் கரைக் கண்டல் காட்டுக்குள் செருகிவிட்டிருந்தது. பிடித்த மீனை இறக்க முன்னரே அலை வந்ததால் மீன் அப்படியே படகின் அடியிலுள்ள மீன் அறைக்குள் கிடந்தது. எஞ்சினையாவது காப்பாற்ற வேண்டும் என்றார்.

"போயித்து வாறன் புள்ள. பின்னேரத்துக்குள்ள வந்திருவன்" என்றான் கோகுலராஜ். அவள் தலையை ஆட்டினாள். தாயை நினைத்துக்கொண்டிருந்ததால் அவன் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

படகில் நடந்ததை மஜீட் பிறகு அழுதழுது சொன்னார். மீன் அறையின் மூடியைத் திறந்ததும், அள்ளிக் கொட்டுவதற்காகச் சாலிஹ் என்ற தொழிலாளி உள்ளே இறங்கினான். இறங்கியவன் அப்படியே சரிந்தான். எஞ்சினோடு இருந்த கோகுலராஜ் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் குதித்தான். சாலிஹின் இடுப்பில் கயிற்றைக் கட்டி "இழுங்க" என்று கத்தினான். அவர்கள் இழுத்தார்கள். சாலிஹ் மேலே வந்து, வாந்தி எடுத்துப் பிழைத்தான். அடுத்து கோகுலராஜைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. இறங்கப்போன மஜீட்டை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"கடல் விட்டதை வாவி எடுத்திட்டு" என்று ஊரில் பேசினார்கள். பேய் என்றவர்களும் உண்டு. மேனுகாவுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அழுகிய மீனிலிருந்து வரும் வாயு. முதலில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். அப்போதுதான் ஆளைக் கொல்லும். இதை அவள் பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் எடுத்திருந்தாள். அந்தப் படகு அவள் இருந்த பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால்தான் கிடந்தது. மூடியைத் திறந்து காற்றுப் போகவிட்டு, ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பட்டம் முடித்தபோது வாகரைப் பக்கம் மறுபடியும் உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்தது. படிப்பிக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. கொழும்பில் கப்பல் திருத்தும் தளமொன்றின் ஆய்வுகூடத்தில், பூச்சும் எண்ணெயும் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. போன முதல் மாதத்தில் ஒரு காட்சியைக் கண்டாள். எண்ணெய்க் கப்பலில் எண்ணெய் நிரப்பும் தாங்கிக்கு வெளியே வெல்டிங்காரர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கையில் வாயு அளக்கும் மீற்றரோடு ஒருவர் உள்ளே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் காற்றை அளந்துவிட்டு வந்து ஒரு தாளில் கையெழுத்திட்டார். அதன் பிறகே அவர்கள் எழும்பினார்கள்.

"அவர் யார்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

"கப்பல் இரசாயனவியலாளர். அவர் கையெழுத்து வைக்காமல் ஒருத்தரும் உள்ளே போக முடியாது."

உலகத்தில் இப்படியொரு வேலை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். அன்று முழுவதும் அவளால் சாப்பிட முடியவில்லை.

அந்த வேலைக்கான சான்றிதழுக்குப் பட்டம் மட்டும் போதாது. சான்றிதழ் பெற்ற ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் தாங்கிகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிறகு சிங்கப்பூரில் பரீட்சை. முகாமையாளர் முதலில் சிரித்தார். பெண் பிள்ளை, தாங்கியின் அந்த ஒடுங்கிய துவாரத்துக்குள் எப்படி நுழைவாய் என்றார். மட்டக்களப்பு முகவரி என்றதும் சிரிப்பை நிறுத்தினார். துறைமுகத்துக் கப்பல்களுக்குள் இறங்க, யுத்த காலத்தில் தமிழ்ப் பெண்ணான அவளுக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் அலைந்தாள். சோதனைச் சாவடிகளில் மீற்றரைக் கழற்றிக் காட்டி, இது குண்டு இல்லை, காற்றை அளக்கிறது என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினாள்.

முதல் தடவை தாங்கியின் அடியில் போய் நின்றபோது, மேலே வெளிச்சம் ஒரு தட்டளவுக்குத் தெரிந்தது. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. கோகுலராஜ் கடைசியாகப் பார்த்ததும் இப்படியொரு வெளிச்சத்தைத்தானே என்று தோன்றியது. அதன் பிறகு அவள் எந்தத் தாங்கிக்குள் இறங்கினாலும் மனதுக்குள் அவனோடு கதைத்துக்கொண்டே அளப்பாள். இஞ்ச காற்று நல்லாக் கிடக்கு மச்சான். அந்த மூலைதான் சரியில்ல. மேலே வந்ததும் அந்தக் கதை நின்றுவிடும். அதனாலேயே அவளுக்கு மேலே வர மனமிருப்பதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது என்று அறிவித்த அன்று, தளத்தில் ஓர் எண்ணெய்க் கப்பல் நின்றது. தாங்கிகளைத் திறந்து வாயுவை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று அசையாத நாள். கனமான எண்ணெய் ஆவி கப்பலின் மேல்தட்டிலிருந்து வழிந்து கரையிலும் தேங்கியிருந்தது. மேனுகாவைப் பழக்கிய இரசாயனவியலாளர் வேறொரு கப்பலுக்குப் போயிருந்தார். கரையில் ஆரவாரம் கேட்டு எட்டிப் பார்த்தாள். சிங்களத் தொழிலாளர்கள் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு, சீனவெடிப் பட்டாசுச் சரமொன்றை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடி இறங்கினாள். "வேண்டாம், இங்க கொளுத்த வேண்டாம்" என்று சிங்களத்தில் கத்தினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மிஸ்ஸுக்கு ஏன் பிடிக்கேல்ல என்று எங்களுக்குத் தெரியும்."

நெருப்புப் பெட்டியை வைத்திருந்தவர் மேற்பார்வையாளர் விமலசேன. எப்போதும் அதிர்ந்து பேசாத மனிதர். அன்று அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"மிஸ், என் மகன் ஆர்மியில், முல்லைத்தீவில் நிற்கிறான். இன்று காலையில்தான் ஃபோன் எடுத்தான், உயிரோடு இருக்கிறேன் என்று. நான் கொளுத்தக் கூடாதா?"

அங்கே அகப்பட்ட தமிழர் எத்தனை பேருடைய ஃபோன் அடிக்காமல் போயிருக்கும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"கொளுத்துங்க ஐயா. ஆனா இங்க இல்ல" என்றாள். மீற்றரைத் தரைக்குக் கிட்டப் பிடித்தாள். அது அலறத் தொடங்கியது. ஆரவாரம் அடங்கிப் போக, அந்த அலறல் மட்டும் கேட்டது. எண்ணெய்க் கப்பல்களில் வேலை செய்து முதிர்ந்தவரான விமலசேனவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவர் நெருப்புப் பெட்டியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கைகளை விரித்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். "வெளிக் கேற்றுக்கு அங்கால. எல்லோரும். நடங்கள்" என்றார்.

அவர்கள் போன பிறகு அவள் கப்பலில் ஏறித் தனியே நின்றாள். தூரத்தில் வெடி வெடித்தது. கோகுலராஜ் இருந்திருந்தால் இந்நேரம் ஃபோன் எடுத்திருப்பான். "பயமாக் கிடக்கா புள்ள?" என்று கேட்டிருப்பான். யுத்தம் முடிந்ததற்கு அழுவதா, ஆறுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை அவனிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் விமலசேன, சிங்களவர் நல்ல நாட்களில் செய்கிற பாற்சோற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாதியைச் சாப்பிட்டாள்.

இரண்டு ஆண்டு கழித்து, சிங்கப்பூரில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தாள். சான்றிதழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். தந்தை சிவபாதத்துக்குத் திராய்மடுவில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். கடல் கண்ணுக்குத் தெரியாத இடம். அவர் கையை உடுப்பில் துடைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இப்ப நீ சொன்னாத்தானா இறங்குவாங்க?"

"ஓம் அப்பா."

"நல்ல வேலைதான்." தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்லத் தொடங்கினார். "வவுணதீவுப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன். ஆசிரியர். உன்னைக் கேட்டு வந்திருக்காங்க. எவ்வளவு காலத்துக்குப் புள்ள ஆளில்லாம இருப்பாய்?"

"ஆளில்லாம இருக்கிறது எனக்குக் கஷ்டமில்ல அப்பா. அவன் இல்லாம இருக்கிறதுதான்."

சிவபாதம் அடுப்படிக்குப் போய் அவளுக்குப் பிடித்த மீன் குழம்பைச் சூடாக்கினார். அவர் திரும்பி நின்ற விதத்திலிருந்து, வசந்தாதேவியை நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

இப்போது கொழும்பு, காலி, திருகோணமலை என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறாள். கையெழுத்திட்டதும் அவளுடைய வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் என்றால் அடுத்த கப்பலுக்குப் போய்விடுவார்கள். வேறு அவசரமில்லாத நாட்களில் அவள் துவாரத்தின் அருகே ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்பாள். மாலையில் வேலை முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வருவார்கள். முதலில் தொப்பி தெரியும், பிறகு எண்ணெய் படிந்த முகம். கடைசி ஆளும் வந்து, துவாரத்துக்குள் வெறும் இருட்டு மட்டும் மிஞ்சிய பிறகும் அவள் உடனே புறப்படுவதில்லை.